பழைய மாருதி ஜிப்ஸி, ஜீப்: டேங்குக்குக் காற்றுப் போகாமல் நின்ற அனுபவங்கள் (மூன்று ஊர்க்காரர்கள் சொன்னவை)

பொள்ளாச்சி, கார்ப்புரேட்டர் ஜிப்ஸி

மலை ஏறும்போது திணறும் வண்டியைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். என் ஜிப்ஸி இறங்கி முடித்த பிறகு நின்றது. வால்பாறைக்கு ஏறியபோது நாற்பது கொண்டை ஊசி வளைவிலும் ஒரு முனகல் இல்லை. மேலே பங்க்கில் டேங்க் மூடியைத் திறந்ததும் ‘புஸ்’ என்று ஆவி வெளியே வந்தது. அதைப் பெரிதாக நினைக்காமல் ஃபுல் டேங்க் போட்டுக்கொண்டு தங்கிவிட்டோம். மறுநாள் விடியற்காலையில் இறங்கினோம். ஆழியார் தாண்டி நேர் ரோடு வந்ததும் நாலாவது கியர் போட்டு மிதித்தேன், இழுவையே இல்லை. இரண்டு குலுக்கு குலுக்கிவிட்டு ஆஃப்.

கூட வந்த நண்பர் “வேப்பர் லாக்”, அதாவது சூட்டில் பெட்ரோல் கொதித்து ஆவி லைனை அடைத்துவிட்டது என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். ஏசி பம்ப் (இன்ஜினுக்குப் பெட்ரோல் இழுக்கும் பம்ப்) மேல் போட ஈரத்துணியும் ரெடி. கார்ப்புரேட்டர் வண்டி மலைப்பக்கம் நின்றால் நம் ஊரில் முதலில் வாயில் வருவது இந்த வார்த்தைதான். ஆனால் அந்தக் குளிரில், அவ்வளவு தூரம் மிதிக்காமலே இறங்கி வந்த இன்ஜினில், பெட்ரோல் கொதிக்க என்ன இருக்கிறது? பின்னால் போய் மூடியைத் திருகினேன். இந்தத் தடவை காற்று உள்ளே போனது. நீளமாக ஓர் உறிஞ்சல் சத்தம், அதோடு டேங்க் தகடு ‘டங்’ என்று வெளியே தள்ளிக்கொண்டது. கொஞ்ச நேரம் செல்ஃப் அடித்ததும் வண்டி பிடித்துக்கொண்டது.

எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் விக்கி விக்கித்தானே வரும்; எதிர்ப்பக்கம் இன்னொன்று போட்டால்தான் ஒழுங்காகக் கொட்டும். டேங்குக்கும் அந்த இரண்டாவது ஓட்டை வேண்டும். பம்ப் எடுக்கிற பெட்ரோலுக்கு ஈடாகக் காற்று உள்ளே வர வேண்டும், வெயிலில் ஆவி கூடினால் வெளியேறவும் வழி வேண்டும். பழைய வண்டிகள் பலவற்றில் இரண்டையும் மூடியே பார்த்துக்கொள்ளும். அதற்குள் இரண்டு சின்ன வால்வு. ஒன்று ஸ்பிரிங் வைத்தது, உள்ளே அழுத்தம் ஏறினால் திறக்கும். மற்றது மெல்லிய ரப்பர், உள்ளே வெற்றிடம் உண்டானால் காற்றை விடும். என் மூடியில் அந்த ரப்பர் உப்பி ஒட்டிக்கொண்டிருந்தது. வெளியே விடும், உள்ளே விடாது.

ஏன் இறங்கிய பிறகு? வால்பாறை சுமார் 3,500 அடி உயரம். அங்கே மூடிய டேங்கில் இருப்பது அந்த உயரத்துக் காற்று. அடிவாரத்துக்கு வந்ததும் வெளிக்காற்றின் அழுத்தம் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. இன்ஜின் ஒரு சொட்டு குடிக்காவிட்டாலும் டேங்க் வெற்றிடத்துக்குள் போய்விடும். அந்த வித்தியாசம் முழுவதும் சேர்ந்தால் இரண்டடிக்கு ஒன்றரையடித் தகட்டின் மேல் இருநூறு கிலோவுக்கு மேல் அமுக்கும், ‘டங்’ அதனால்தான். பகல் வெயிலாக இருந்திருந்தால் பெட்ரோல் ஆவியே பாதி இடத்தை நிரப்பி வண்டியைத் தப்பிக்க விட்டிருக்கும். ஃபுல் டேங்க்கும் சேர்ந்து கெடுத்தது. மேலே காற்றுக்கு இருக்கும் இடம் குறைவு என்பதால் இரண்டு லிட்டர் குறைந்தாலே வெற்றிடம் வேகமாக ஏறும்.

இந்தக் கோளாறு ஆளை ஏமாற்றும். நின்ற வண்டியை அப்படியே விட்டால் எங்கேயாவது இடுக்கு வழியாகக் காற்று மெல்ல உள்ளே போய்விடும். மெக்கானிக் வந்து சாவி போடும்போது ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும். அப்புறம் பம்ப் மாற்று, ஃபில்டர் மாற்று, கார்ப்புரேட்டர் கழற்று என்று செலவு ஓடும். நின்ற அந்த நிமிடத்திலேயே, பானெட்டைத் தூக்கும் முன், மூடியைத் திறந்து சத்தத்தைக் கவனியுங்கள். ஆவி வெளியே வந்தால் முகத்தைத் தள்ளி வையுங்கள், கையில் சிகரெட் கூடாது.

கடையில் புது மூடி கேட்டால் ஒரே மாதிரி இரண்டு கிடைக்கும். ஒன்று வால்வு உள்ளது, மற்றது, பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் கரி டப்பா உள்ள வண்டிக்கானது, காற்று விடாது. மரை இரண்டுக்கும் சரியாகவே உட்காரும். திருப்பிப் பார்த்து வாங்குங்கள்.

கொடைக்கானல் கீழ்மலை, எம்எம் 540 (மஹிந்திரா டீசல் ஜீப்)

டீசலில் கதை வேறு. டீசல் அவ்வளவாக ஆவியாகாது என்பதால் வெளியே தள்ளுகிற பிரச்சினை குறைவு. ஆனால் காற்று உள்ளே வந்தே ஆக வேண்டும். மழைக்காலம் முழுக்க ஷெட்டில் நின்ற வண்டியை எடுத்தேன். கொஞ்ச தூரம் ஓடும், நிற்கும். ஹேண்ட் பம்ப் அடித்து லைனில் சிக்கிய காற்றை வெளியேற்றினால் மறுபடி ஓடும், மறுபடி நிற்கும். பட்டறையில் “லைன் எங்கேயோ ஏர் எடுக்குது”, அதாவது வெளிக்காற்றை உறிஞ்சுகிறது என்றார்கள். அது பொய்யில்லை, லைன் ஏர் எடுக்கத்தான் செய்தது. டேங்கில் வெற்றிடம் என்பதால் பம்ப் கிடைத்த ஜாயின்ட்டில் எல்லாம் காற்றை இழுத்திருக்கிறது. வாஷர், யூனியன் எல்லாம் மாற்றியும் தீரவில்லை.

கடைசியில் கண்டுபிடித்தது பட்டறையில் எடுபிடி வேலை பார்த்த பையன். டேங்குக்குக் காற்று போய்வரும் பிரீதர் ஹோஸின் முனையில் செம்மண்ணை விரலால் சுரண்டினான், உள்ளே குளவிக் கூடு. மண் கொஞ்சம், காய்ந்த புழு ரெண்டு, மறுபடி மண். அதைக் கம்பியால் உள்ளே குத்தித் தள்ளாதீர்கள், டேங்குக்குள் போய்விடும். ஹோஸை இரண்டு பக்கமும் கழற்றி வெளியில் வைத்து ஊதுங்கள். கம்ப்ரஸர் காற்றை டேங்கோடு சேர்த்து அடிப்பது அதைவிட ஆபத்து, டேங்க் தகட்டு இணைப்பு பிரிந்துவிடும்.

கூடலூர், எம்பிஎஃப்ஐ (கார்ப்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் உள்ள) ஜிப்ஸி

ஓடையில் இறக்குகிறவர்களுக்கு ஒன்று. வெயிலில் ஓடிச் சூடான டேங்க் சட்டென்று குளிர்ந்த தண்ணீரில் முங்கினால் உள்ளே இருக்கும் ஆவி சுருங்கும். பிரீதர் முனையும் அதே தண்ணீருக்குள் இருந்தால் காற்றுக்குப் பதில் ஓடைத் தண்ணீரைத்தான் இழுக்கும். தண்ணீர் புகாமல் இருக்க ஆக்ஸிலின் காற்றுக் குழாயை (ஆக்ஸில் பிரீதர்) மேலே ஏற்றுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். முனையை டேங்குக்கு மேலே, பாடிக்குள் உயரமாகக் கொண்டுபோய்க் குடைக்கைப்பிடி மாதிரி கீழ்நோக்கி வளைத்துவிட வேண்டும், ஆனால் ஆள் உட்காரும் இடத்துக்குள் திறக்கக் கூடாது. நடுவில் தொங்கல் இருந்தால் அங்கே பெட்ரோல் தேங்கி அதுவே அடைப்பாகும்.

கரி டப்பா உள்ள வண்டியில் ஆவியை அந்தக் கரி பிடித்து வைத்துக்கொண்டு, இன்ஜின் ஓடும்போது திருப்பிக் கொடுக்கும். நாசில் ‘டக்’ என்று நின்ற பிறகும் பங்க் பையனிடம் “ரவுண்டா போடுப்பா” என்றால் திரவமாகவே பெட்ரோல் அங்கே போய்க் கரி நனைந்து வீணாகும்.

பொள்ளாச்சி, கார்ப்புரேட்டர் ஜிப்ஸி

மூடியில் ஒரு மி.மீ. ஓட்டை போட்டால் போதாதா என்று தனியாக இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். வண்டி ஓடும். ஆனால் சாய்வில் நிறுத்தினால் பெட்ரோல் வடியும், மழைத் தண்ணீர் இறங்கும், கவிழ்ந்தால் கேட்கவே வேண்டாம். வால்வு உள்ள மூடிக்கு அது மாற்றே இல்லை.

ஹோஸ் மாற்றுகிறவர்கள் மீன்தொட்டிக்குப் போடும், கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் டியூபைப் போடாதீர்கள், பெட்ரோலில் விறைத்து விரிசல் விட்டுவிடும். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் அதில் உள்பக்கம் கொழகொழத்துத் தோல் உரிந்து, வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும். எத்தனால் தாங்கும் பெட்ரோல் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள். கிளிப்பை ரொம்ப முறுக்க வேண்டாம், இந்தச் சின்ன ஹோஸ் நசுங்கினாலும் அடைப்புதான்.