ஆட்டோகேட் பிளானைப் படமாக்கினால் எழுத்து கரைகிறது: நேரடி பிஎன்ஜியா, பிடிஎஃப் வழியா?

தஞ்சை டிராஃப்ட்ஸ்மேன்:
வணக்கம். ஒரு கல்யாண மண்டபத்தோட கிரவுண்ட் ஃப்ளோர் பிளான். ஏ1 தாள், 1:100, டைமன்ஷன் எழுத்து 2.5 மி.மீ. சைட்ல சூப்பர்வைசர், மேஸ்திரி எல்லார் கையிலயும் போன்தான், அதனால படமா அனுப்பச் சொல்றாங்க. ஆட்டோகேட்ல (கம்ப்யூட்டர் வரைபட மென்பொருள்) லேஅவுட்ல, அதாவது தாளை அடுக்குற பக்கத்துல நின்னு, ஜேபிஜிஅவுட் கமாண்ட் போட்டு எடுத்தேன். எழுத்தைப் பெரிசாக்கினா கரைஞ்சு போகுது, 3-ஆ 8-ஆன்னு தெரியல. மஞ்சள்ல இருந்த டைமன்ஷன் எல்லாம் வெள்ளைப் பின்னணியில காணோம். பிரிண்ட்ல வரவே வராத வியூபோர்ட் சட்டம் (தாள்ல பிளான் தெரியுற சன்னலோட ஓரக் கோடு) படத்துல வந்து நிக்குது. இதை எப்படி ஒழுங்கா எடுக்கிறது? மண்டபத்துக்குத் தூண் மார்க்கிங் ஆரம்பிக்கப் போறாங்க, எண்ணைத் தப்பாப் படிச்சா வினை.

பிக்சல்பாண்டி:
தம்பி, ஜேபிஜிஅவுட் உங்க திரையைத்தான் படமெடுக்கும். வரைவுச் சன்னல் எத்தனை பிக்சல் அகலமோ, படமும் அத்தனைதான். திரையில தெரியுற வியூபோர்ட் சட்டம் வந்ததுக்கும் அதுதான் காரணம்.

பிளாட் (பிரிண்ட் எடுக்கிற கமாண்ட்) கொடுங்க. பிரிண்டர் பட்டியல்ல பப்ளிஷ் டு வெப் பிஎன்ஜி இருக்கும். அதோட வர்ற தாள்ல பெரிசு 1600-க்கு 1280 பிக்சல். அதை அப்படியே விட்டா ஏ1-ஓட 841 மி.மீ. அகலம் 1600 பிக்சலுக்குள்ள அடங்கணும், மி.மீ.க்கு ரெண்டு பிக்சல்கூடத் தேறாது. 2.5 மி.மீ. எழுத்துக்கு அஞ்சு பிக்சல் உயரம்கூடக் கிடைக்காது. அதுல 3-ஐயும் 8-ஐயும் பிரிச்சுக் காட்ட எங்க இடம்? புராப்பர்ட்டீஸ் போய், கஸ்டம் பேப்பர் சைஸ்ல 9933-க்கு 7016 பிக்சல்னு புதுசா ஒரு தாள் சேருங்க. அது ஏ1-க்கு 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 பிக்சல். அதே எழுத்து 29 பிக்சல் உயரத்துக்கு வந்துடும். ஃபிட் டு பேப்பர், மோனோகுரோம் சிடிபி (நிறங்களைக் கறுப்பாக்குற பிளாட் ஸ்டைல் ஃபைல்), ஓகே. ஒரு தடவை பண்ணிச் சேமிச்சா எல்லா டிராயிங்குக்கும் அதே தாள்.

ஜேபெக் மட்டும் வேண்டாம். அது படத்தை 8-க்கு 8 பிக்சல் கட்டங்களா வெட்டி, ஒவ்வொரு கட்டத்திலயும் நுணுக்கத்தைக் கழிச்சுத்தான் சுருக்குது. போட்டோவுல அந்தக் கழிவு கண்ணுக்குத் தெரியாது. வெள்ளையில ஒத்தைக் கறுப்புக் கோடு போனா கோட்டைச் சுத்திப் புழுதி மாதிரி சாம்பல் புள்ளி அடிக்கும். நிறத்தைப் பெரும்பாலும் பாதி நுணுக்கத்துலதான் சேமிக்கும், அதனால சிவப்புக் கோடு பக்கத்துல கசியும். பிஎன்ஜி எதையும் தூக்கி எறியாது.

மில்லிமீட்டர்:
ஜேபிஜிஅவுட் பற்றியும் ஜேபெக் பற்றியும் பாண்டி சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நேரடி பிஎன்ஜி பிளாட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த டிரைவருக்குத் தாள் என்பது பிக்சல். பிளாட் பெட்டியில் அளவுகோலே ‘இத்தனை பிக்சலுக்கு இத்தனை யூனிட்’ என்று மாறிவிடுகிறது. சுவருக்கு 0.5, கதவுக்கு 0.25, டைமன்ஷனுக்கு 0.13 என்று நாம் கோட்டுத் தடிமனைக் கொடுத்திருப்பது மில்லிமீட்டரில். பிக்சலைக் கூட்டிக்கொண்டே போனால் எழுத்தும் சுவரும் பெரிதாகும். தடிமன் அதே விகிதத்தில் கூடுவதில்லை. சுவர்க்கோடும் டைமன்ஷன் கோடும் ஒரே நூலாக மெலிந்து நிற்கும். வெட்டுப்பட்ட சுவரைத் தடிமனாகக் காட்டுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதை இழந்த படம் பிளான் அல்ல.

என் வழி இது. டிடபிள்யூஜி டு பிடிஎஃப் டிரைவர், ஏ1 தாள், லேஅவுட்டிலிருந்து 1:1. தடிமன் மில்லிமீட்டரிலேயே பிடிஎஃப்புக்குள் போய்விடும். அதன் பிறகு பாப்ளர் தொகுப்பில் வரும் பிடிஎஃப்-டு-பிபிஎம் என்ற இலவசக் கருவியில் ‘மைனஸ் ஆர் 200, மைனஸ் பிஎன்ஜி’ என்று கொடுத்தால் 6622-க்கு 4677 பிக்சலில் படம் வரும். நாளை 300 வேண்டுமென்றால் எண்ணை மட்டும் மாற்றினால் போதும், ஆட்டோகேடைத் திறக்கவே வேண்டாம். பிரிண்டருக்குப் போவதும் அதே பிடிஎஃப். தாளில் ஒன்று, போனில் வேறொன்று என்ற பேச்சுக்கே இடமில்லை.

இமேஜ்மேஜிக் என்ற படமாற்று மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை: டென்சிட்டி (டிபிஐ) எண்ணை உள்ளே வரும் பிடிஎஃப் பெயருக்கு முன்னால் கொடுக்க வேண்டும். பின்னால் கொடுத்தால் அது 72-லேயே படித்து முடித்திருக்கும், படம் மங்கலாகத்தான் வரும். ‘பிடிஎஃப் வழி போனாலும் மங்கல்’ என்று சொல்பவர்களில் பலரிடம் இதைத்தான் கண்டிருக்கிறேன்.

பிக்சல்பாண்டி:
ஐயா, மரியாதையாவே மறுக்கிறேன். தடிமன் விஷயத்துக்கு லேஅவுட்லேர்ந்து பிளாட் பண்றப்ப ஸ்கேல் லைன்வெயிட்ஸ்னு ஒரு டிக் இருக்கு. அதைப் போட்டு, ஒரு சின்னத் துண்டை மட்டும் பிளாட் பண்ணிப் பார்த்துச் சரி பண்ணிக்கலாம்.

உங்க வழியிலயும் ஓட்டை இருக்கு. பிடிஎஃப்பைப் படமாக்குற கருவி கோட்டோட விளிம்பை மழுப்பும். 0.13 மி.மீ. கோடு 200 டிபிஐ-ல சரியா ஒரு பிக்சல். அந்தக் கோடு ரெண்டு பிக்சலுக்கு நடுவுல விழுந்தா ரெண்டுமே வெளிர்சாம்பல் ஆயிடும். கறுப்பாப் போட்ட டைமன்ஷன் கோடு சாம்பலா வரும், வெயில்ல போன்ல பாக்கிறவன் கண்ணுக்குத் தெரியாது. டிராயிங்குல டிரான்ஸ்பரன்சி (ஒளி ஊடுருவல்) போட்ட ஹேட்ச் (இடத்தை நிரப்புற கோட்டு வடிவம்) இருந்து, பிளாட் டிரான்ஸ்பரன்சியும் டிக்ல இருந்தா அந்தப் பிடிஎஃப்பே படமா மாறிடலாம். அப்போ வெக்டர்னு (பிக்சலா இல்லாம கோடாவே சேமிச்சதுன்னு) நம்பிக்கிட்டு நாம படத்தைத்தான் திரும்பப் படமாக்குறோம்.

மில்லிமீட்டர்:
டிரான்ஸ்பரன்சி பற்றிச் சொன்னது உண்மை. அந்த டிக்கை எடுத்துவிட்டு, ஹேட்ச்சுக்கு வெளிர்நிறம் கொடுப்பதே நல்லது.

சாம்பல் கோட்டுக்குத் தீர்வு இருக்கிறது. அதே கருவியில் ‘தின் லைன் மோட்’ என்றொரு விருப்பம் உண்டு. அதை ‘சாலிட்’ என்று வைத்தால் மெல்லிய கோடுகள் மங்காமல் முழு நிறத்தில் விழும். வெக்டருக்கு மட்டும் விளிம்பு மழுப்பலை நிறுத்தவும் தனி விருப்பம் உண்டு. எழுத்துக்கு மழுப்பல் இருக்கட்டும், படிக்க அதுதான் இதம். ஒரு எச்சரிக்கை: ஆட்டோகேடின் கோட்டு எழுத்துருவான எஸ்எச்எக்ஸ் பிடிஎஃப்புக்குள் எழுத்தாகப் போவதில்லை, கோடாகத்தான் போகிறது. அதற்கு எழுத்தின் மழுப்பல் விருப்பம் பொருந்தாது. சில பிடிஎஃப் மென்பொருள்கள் அந்த எழுத்துகளின் மேல் குறிப்புப் பெட்டிகளைக் காட்டும். பிடிஎஃப்எஸ்எச்எக்ஸ் என்ற மாறியை 0 ஆக்கிவிட்டுப் பிடிஎஃப் எடுத்தால் அவை வராது.

வரைபடக்காரி:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், மஞ்சள் கோட்டை யாரும் கவனிக்கவில்லை. மோனோகுரோம் சிடிபி போட்டால் மஞ்சள் கறுப்பாகிவிடும் என்பது ஆட்டோகேட் வரிசை எண் நிறங்களுக்கு மட்டும்தான், அதாவது 1 முதல் 255 வரை. ட்ரூ கலராக, அதாவது சிவப்பு, பச்சை, நீல அளவுகளாகக் கொடுத்த மஞ்சள் சிடிபிக்குக் கட்டுப்படாது. பிளாட் பண்ணினாலும் மஞ்சளாகத்தான் வரும். வேறு அலுவலகத்திலிருந்து வந்த ஃபைலில் இது நிறைய இருக்கும். தம்பி, அந்த டைமன்ஷனைத் தேர்ந்தெடுத்து புராப்பர்ட்டீஸில் நிறத்தைப் பாருங்கள். மூன்று எண்கள் காற்புள்ளியோடு இருந்தால் ட்ரூ கலர். அதை லேயரிலேயே வரிசை எண் நிறத்துக்கு மாற்றிவிடுங்கள். இதற்கு நேரடி பிஎன்ஜி, பிடிஎஃப் என்ற வேறுபாடே இல்லை, இரண்டிலும் கெடும்.

தஞ்சை டிராஃப்ட்ஸ்மேன்:
மேடம், நீங்க சொன்னதேதான்! 255,255,0-ன்னு இருந்துச்சு. ஆர்க்கிடெக்ட் ஃபைலை எக்ஸ்ரெஃபாக் (வெளி ஃபைலா இணைச்சு) கூப்பிட்டிருந்தேன், அதுலேர்ந்து வந்திருக்கு. மாத்தினதும் கறுப்பா வந்துடுச்சு. வியூபோர்ட் சட்டம் டெஃப்பாயிண்ட்ஸ் லேயர்ல இருக்கு, அதனாலதான் பிரிண்ட்ல வரல போல.

மில்லிமீட்டர்:
ஆம். டெஃப்பாயிண்ட்ஸ் லேயர் எப்போதும் பிளாட் ஆகாது. ஆகவே ஜேபிஜிஅவுட்டை விட்டு வெளியே வந்தாலே அந்தச் சிக்கல் தீரும். பாண்டியின் வழியிலும் தீரும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

சைட் எஞ்சினியர்:
எல்லாரும் ஆபீஸ்ல உக்காந்து பேசுறீங்க. நான் அந்தப் படத்தை வாங்குற ஆள். 9933-க்கு 7016-ன்னா கிட்டத்தட்ட 7 கோடி பிக்சல். பிஎன்ஜி ஃபைல் சின்னதாத்தான் இருக்கும், ஆனா திறக்கிறப்ப போன் அதை முழுசா விரிக்கணும். பிக்சலுக்கு 4 பைட்டுன்னா 280 எம்பி நினைவகம் வேணும். பல கேலரி ஆப் அதை விரிக்காது, சின்னதாக்கித்தான் காட்டும். நீங்க 300 டிபிஐ-ல அனுப்பினேன்னு சொல்வீங்க, மேஸ்திரி ‘எழுத்து தெரியல சார்’னுதான் சொல்வார். ரெண்டு பேர் சொல்றதும் உண்மை.

அதுக்கும் மேல, வாட்ஸ்அப்புல படமாப் போட்டா அது தன் பங்குக்குச் சின்னதாக்கி, ஜேபெக்கா மாத்தி அனுப்பும். டாக்குமெண்ட்டா அனுப்பினாத்தான் அப்படியே வரும். இதைச் செய்யாம நேரடி பிஎன்ஜியா பிடிஎஃப்பான்னு சண்டை போடுறதுல எனக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல.

ஏ1-ஐ ஒரே படமா அனுப்பாதீங்க. மண்டபத்தைத் துண்டா வெட்டுங்க: மேடை, சாப்பாட்டுக் கூடம், சமையல்கட்டு, கழிவறை வரிசை. ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஏ4 லேஅவுட், 1:50. ஏ4-க்கு 300 டிபிஐ-ன்னா 3508-க்கு 2480 பிக்சல்தான், எந்தப் போனும் தாங்கும். எழுத்து 2.5 மி.மீ. அப்படியே இருக்கும், 29 பிக்சல் கிடைக்கும். கிரிட் எண் (தூண் வரிசைக்கு வச்ச எண்) எல்லாத் துண்டுலயும் வரணும். தூண் சி4-ன்னு சொன்னா அது எந்தத் துண்டுல இருந்தாலும் கண்டுபிடிக்கணும்.

பிக்சல்பாண்டி:
இது நல்ல யோசனை. ஆனா ஏ4-ஆ வெட்டினா என் வழிதான் இன்னும் சுலபம். 3508-க்கு 2480-ன்னு ஒரு பிக்சல் தாள், எல்லா லேஅவுட்டையும் பப்ளிஷ்ல சேர்த்து ஒரே ஓட்டம். ரெண்டாவது மென்பொருள் எதுக்கு? சின்ன ஆபீஸ்ல புதுசா சேர்ற பையனுக்குக் கமாண்ட் லைன்லாம் பழக்கமில்ல.

இன்னொண்ணு. ஒவ்வொரு துண்டுலயும் கிராஃபிக் ஸ்கேல் பட்டை போட்டுட்டா, படத்தை வச்சே அளந்துக்கலாம்.

வரைபடக்காரி:
பட்டை இருக்கட்டும், பெரிதாக்கினாலும் சிறிதாக்கினாலும் பிளானோடு சேர்ந்து அதுவும் மாறும். அளக்கலாம் என்று மட்டும் சொல்லாதீர்கள். போன் திரையில் விரலை வைத்து அளப்பவர் எத்தனை மி.மீ. பிசகுவார்? படம் சரியாக 1:50-லேயே திரையில் தெரிந்தாலும், 2 மி.மீ. பிசகினால் சைட்டில் 100 மி.மீ. மண்டபத்துத் தூண் 100 மி.மீ. நகர்ந்தால் மேலே பீம் என்னாவது? எழுதிய டைமன்ஷனைத்தான் படிக்க வேண்டும். எழுதாத அளவு ஏதாவது தேவைப்பட்டால் டிராஃப்ட்ஸ்மேனைக் கேட்க வேண்டும்.

சைட் எஞ்சினியர்:
மேடம் சொல்றதுதான் சைட்ல நடக்கணும். பட்டை போட்டா அளக்கச் சொல்ற மாதிரிதான் ஆயிடும். ‘அளந்து எடுக்காதே, எழுதிய அளவைப் பார்’னு தமிழ்லயே ஒரு வரி ஒவ்வொரு துண்டுலயும் போடுங்க.

தஞ்சை டிராஃப்ட்ஸ்மேன்:
தமிழ்ல போட்டா எனக்கு வெறும் கேள்விக்குறியா வருதே?

மில்லிமீட்டர்:
உங்கள் டெக்ஸ்ட் ஸ்டைல் எஸ்எச்எக்ஸ் எழுத்துருவில் இருக்கும், அதில் தமிழ் வரிவடிவம் இல்லை. தமிழுக்குத் தனி ஸ்டைல் ஒன்று வைத்து லதா போன்ற ட்ரூடைப் எழுத்துருவைக் கொடுங்கள். கொம்பும் காலும் சரியாகச் சேர்ந்திருக்கிறதா என்று படத்தில் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

கிராமத்து சிவில்:
எங்கிட்ட ஆட்டோகேட் இல்ல, இலவச லிப்ரேகேட்தான். டிஎக்ஸ்எஃப்பை (மத்த மென்பொருளும் படிக்கிற வரைபட ஃபைல்) திறந்து எக்ஸ்போர்ட் ஆஸ் இமேஜ் கொடுத்தா அகலம், உயரம் பிக்சல்ல கேக்கும், பின்னணி வெள்ளையா கறுப்பான்னும் கேக்கும். கறுப்பு-வெள்ளைன்னு ஒரு விருப்பமும் இருக்கு, மஞ்சள் கோட்டுக்கு அது போதும்.

மில்லிமீட்டர்:
பாண்டிக்கு ஒரு பதில் பாக்கி இருக்கிறது. பிளான் மாறும்போது என்ன செய்வீர்கள்? சமையல்கட்டுச் சுவர் நகர்ந்துவிட்டது என்று வையுங்கள். பழைய படம் ஆறேழு போன்களின் கேலரியில் கிடக்கும். யாராவது அதைத்தான் திறப்பார்கள். நான் பிடிஎஃப்பை மூலமாக வைத்துக்கொள்வதற்கு இதுவே பெரிய காரணம்: எந்தத் திருத்தத்தில் எந்தப் பிடிஎஃப் போனது, அதிலிருந்து எந்தப் படங்கள் வந்தன என்று ஃபைல் பெயரிலேயே கோர்வையாக இருக்கும். நேரடி பிளாட்டில் மிஞ்சுவது தனித்தனிப் படங்கள் மட்டுமே. அன்றைக்கு அந்தத் தாள் எப்படி இருந்தது என்பதற்கு மூலம் இருக்காது.

பிக்சல்பாண்டி:
அதுக்குப் பிளாட் ஸ்டாம்ப் இருக்கே ஐயா. ஃபைல் பெயர், லேஅவுட் பெயர், தேதி, நேரம் எல்லாம் படத்தோட ஓரத்துலயே விழும். படத்தை யார் யாருக்கு அனுப்பினாலும் தேதி கூடவே போகும். உங்க பிடிஎஃப் பத்திரமா உங்க கம்ப்யூட்டர்ல இருக்கும், மேஸ்திரிக்கு அது எங்க தெரியப்போகுது?

சைட் எஞ்சினியர்:
ஸ்டாம்ப் எழுத்தைப் பொடியாப் போட்டு ஓரத்துல ஒட்டிடுறாங்க. பெரிசாக்கிப் பாக்கிறவன் அந்த ஓரத்துக்குப் போகவே மாட்டான். திருத்த எண்ணை ‘ஆர்3’ மாதிரி 7 மி.மீ. எழுத்துல பிளானுக்குள்ளயே, கிரிட் எண் பக்கத்துல போடுங்க. ஒரு துண்டு மாறினாலும் எல்லாத் துண்டுலயும் எண்ணை மாத்தி மொத்தமா அனுப்புங்க. அப்பதான் ஆர்2 வச்சிருக்கவன்கிட்ட ‘உன்னது பழசு’ன்னு நான் சைட்ல நின்னு சொல்ல முடியும்.

தஞ்சை டிராஃப்ட்ஸ்மேன்:
ஏ4 லேஅவுட் போட ஆரம்பிச்சுட்டேன். ரெண்டு வழியிலயும் மேடைத் துண்டை எடுத்துப் பார்த்தேன். என் ஃபைல்ல நேரடி பிஎன்ஜியில ஸ்கேல் லைன்வெயிட்ஸ் டிக் போட்டும் சுவர்த் தடிமன் திருப்தியா இல்ல, பிடிஎஃப் வழியில சாலிட் வச்சதும் சுவரும் டைமன்ஷனும் தனித்தனியாத் தெரியுது. பாண்டி அண்ணே, உங்க தாள்ல வேற ஏதாவது செட்டிங் மாத்தியிருந்தா சொல்லுங்க, போட்டுப் பார்க்கிறேன். சைட்டுக்கு இப்போதைக்குப் பிடிஎஃப்லேர்ந்து எடுத்ததை டாக்குமெண்ட்டா அனுப்புறேன், ஆர்1-ன்னு எண் போட்டு.