நவம்பரில் ஹுவே: ஒரே நாளில் பார்த்துத் திரும்பலாமா, தங்க வேண்டுமா? (அப்பா அம்மாவுடன்)

பொன்னித்துறை

வணக்கம். நவம்பர் நடுவில் அப்பா அம்மாவை வியட்நாம் கூட்டிப் போகிறேன். கோலாலம்பூர் வழியாக டா நாங் போய் இறங்குகிறோம். டிக்கெட் போட்டாயிற்று, இனித் தேதி மாற்ற வழியில்லை.

ஏஜென்ட் கொடுத்த திட்டத்தில் எல்லா இரவும் டா நாங்கில்தான். ஹுவேக்குக் காலையில் காரில் போய் ராத்திரி திரும்புகிறோம். கோட்டை, மூன்று அரசர் சமாதிகள், தியென் மூ கோயில், படகு எல்லாமே அந்த ஒரே நாளில் போட்டிருக்கிறார். அப்பா வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஹுவேயைப் பார்க்கலாம் என்றுதான் இந்தப் பயணத்துக்கே சம்மதித்தார். அம்மாவுக்கு முழங்கால் வலி. அதோடு சுத்த சைவம், முட்டையும் கிடையாது. மீன் வாடை வந்தாலே சாப்பாட்டை விட்டு எழுந்துவிடுவார்.

இந்த ஒருநாள் திட்டம் சரிப்படுமா? நவம்பரில் மழை எப்படி இருக்கும்? அம்மா என்ன சாப்பிடுவார்? இன்னொன்று, அப்பா பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. இ-விசா படிவத்தில் அதைக் கேட்கிறார்கள். இனிஷியலை விரித்து எழுதிவிடலாமா?

ஹைவான்_கணவாய்

தம்பி, வேலைக்காக டா நாங்கில் குடும்பத்தோடு இருக்கிறேன். அந்த ஒருநாள் திட்டத்தை அப்படியே விட்டுவிடுங்கள்.

ஹுவே இங்கிருந்து சுமார் 100 கி.மீ. ஹை வான் சுரங்கப்பாதை 2005-ல் திறந்த பிறகு மலை ஏறாமலே போய்விடலாம். அப்படியும் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். மிச்சமுள்ள பொழுதில் அத்தனை இடத்தையும் திணித்தால் அப்பா எதையும் நின்று பார்க்க முடியாது, அம்மா நாள் முழுக்க ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார்.

அதைவிடப் பெரிய காரணம் மழை. நமக்கு வடகிழக்குப் பருவமழை கொட்டும் அதே மாதங்கள்தான் ஹுவேக்கும் மழைக்காலம். கடலிலிருந்து வரும் ஈரக்காற்று துருவோங் சன் மலைத்தொடரில் முட்டி அங்கேயே இறக்கிவிட்டுப் போகும். அக்டோபரும் நவம்பரும்தான் உச்சம். 1999 நவம்பரில் நகரமே மூழ்கியது, நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள். 2025 அக்டோபர் கடைசியிலும் கோட்டைப் பகுதிக்குள் வெள்ளம் புகுந்தது. எல்லா வருஷமும் அப்படி இருக்காது. தூறலும் வெயிலுமாக அருமையாகப் போகிற வாரங்களும் உண்டு. ஆனால் ஹுவேக்கு ஒரே ஒரு நாள் ஒதுக்கி, அந்த நாளில் ஆறு ஏறிவிட்டால் அப்பாவுக்கு ஹுவே கிடையாது. இரண்டு இரவு தங்கினால் மழை விட்ட நேரம் பார்த்துக் கிளம்பலாம். கொட்டுகிற பொழுதைக் கோட்டைக்குள் கூரை உள்ள மண்டபங்களில் கழிக்கலாம்.

அறை பார்க்கும்போது ஹுவோங் ஆற்றின் தென்கரையில், ஆற்றை ஒட்டாமல் இரண்டு தெரு உள்ளே தள்ளிப் பாருங்கள். இலவசமாக ரத்து செய்யக்கூடிய அறையாகவும் இருக்கட்டும்.

வெள்ளிவீதி

ஹுவேயை விட்டுவிட்டு ஹோய் ஆனில் தங்கலாமே? டா நாங்கிலிருந்து பக்கம்தான், நடந்தே ஊரைப் பார்த்துவிடலாம்.

ஹைவான்_கணவாய்

ஹோய் ஆனுக்கும் அதே மழைதான். ஆறு ஏறினால் பழைய கடைத்தெருவுக்குள்ளேயே படகு விடுவார்கள். தவிர, அப்பா கேட்பது ஹுவேயை.

சட்டிக்குழம்பு

அம்மா சாப்பாட்டைப் பற்றிக் கவலையே வேண்டாம் தம்பி. என் மாமியாரும் வெங்காயம், பூண்டுகூடத் தொடாதவர். அவரை வைத்துக்கொண்டு சொல்கிறேன், வியட்நாமிலேயே சைவத்துக்கு வசதியான ஊர் ஹுவேதான். பௌத்த மடங்கள் நிறைந்த ஊர். சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் ஊரில் ஏராளமானோர் சைவம்தான் சாப்பிடுவார்கள். நம் கணக்கில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும். அந்த நாட்களில் சைவக் கடைகளில் இடம் பிடிக்கச் சீக்கிரம் போய்விடுங்கள்.

கடைப் பலகையில் ‘சாய்’ என்று இருக்க வேண்டும். ‘தோய் ஆன் சாய்’ என்றால் ‘நான் சைவம்’. சாதாரண ஓட்டலில் போய் ‘காய்கறி மட்டும் போடுங்கள்’ என்று கேட்கவே கேட்காதீர்கள். கறி இருக்காது, ஆனால் கீரை வதக்கலில்கூட மீன் சாறு விட்டிருப்பார்கள். ஊரின் பேர்போன நூடுல்ஸான புன் போ ஹுவேயில் இறால் விழுதும் சேரும். சாய் கடையில் அதையே காளானும் டோஃபுவும் போட்டுத் தருவார்கள். சின்னச் சின்னக் கிண்ணத்தில் அரிசி மாவை ஆவியில் வேகவைத்துத் தரும் பான் பேயோ அம்மாவுக்குப் பிடிக்கும், நம் இடியாப்ப மாவின் சுவை. அதையும் சாய் கடையில் மட்டும் வாங்குங்கள், மற்ற இடங்களில் மேலே இறால் பொடி தூவியிருக்கும். தாமரை விதை போட்ட ‘சே’ என்ற இனிப்பைத் தவற விடாதீர்கள்.

கடவுச்சீட்டு

விசா விஷயம். இனிஷியலை விரித்து எழுதாதீர்கள். தாத்தா பெயரை நீங்களாகக் குடும்பப் பெயர் ஆக்கவும் வேண்டாம். பாஸ்போர்ட்டின் போட்டோ பக்கத்தில், அடியில் கணினி படிக்கும் இரண்டு வரி இருக்கும். அதில் பெயர் எப்படி இருக்கிறதோ, ஓர் எழுத்துகூட மாறாமல் அதுதான் விசாவிலும் வர வேண்டும். விமான நிலைய கவுன்ட்டரில் இரண்டையும் வைத்து ஒப்பிடுவார்கள்.

அரசாங்கத் தளத்தில் ஒருமுறை நுழையும் விசாவுக்கு 25 டாலர், பலமுறைக்கு 50 டாலர். 2023 ஆகஸ்டிலிருந்து 90 நாள் வரை தருகிறார்கள். கட்டிய பணம் திரும்பாது. அதே சாயலில் தனியார் தளங்கள் நிறைய இருக்கின்றன, இரண்டு மூன்று மடங்கு கேட்பார்கள். கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பே போட்டுவிடுங்கள். பெயரில் பிழை வந்தால் புதிதாக விண்ணப்பிக்க நேரம் இருக்கும். வந்ததும் ஆளுக்கு இரண்டு பிரின்ட் எடுத்துக்கொள்ளுங்கள்.

பொன்னித்துறை

எல்லோருக்கும் நன்றி. இரண்டு இரவு தங்குவது என்று முடிவு செய்துவிட்டோம். அம்மாவின் முழங்கால் வலியோடு எந்தச் சமாதிகளைப் பார்ப்பது? அப்பா இன்னொன்றும் கேட்கிறார். இந்தப் பக்கத்தை முன்பு ஆண்ட சம்பா நாட்டுச் சிவன் கோயில்களை இதோடு சேர்த்துப் பார்க்க முடியுமா?

கல்வெட்டு_பித்தன்

உங்கள் அப்பா போன்றவர்களுக்காகவே இருக்கிற ஊர் ஹுவே. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் நாள் கோட்டைக்கு மட்டும். 1802 முதல் 1945 வரை ஆண்ட நுயென் வம்சத்தின் தலைநகரம் இது. வெளிமதில் மட்டுமே சுமார் 10 கி.மீ. சுற்று. நோ மோன் வாசலில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். 1945 ஆகஸ்ட் 30 அன்று கடைசி அரசர் பாவோ டாய் முடி துறந்தது அந்த வாசலில்தான். உள்ளே பாதி இடம் வெறும் புல்தரை. 1947-லும் 1968-லும் நடந்த சண்டையில் அரண்மனைகள் அழிந்துபோயின. பழுது பார்த்த தாய் ஹோவா மண்டபத்தை 2024 நவம்பரில் மறுபடி திறந்தார்கள்.

கூட்டம் அரக்குச் சாயத்தையும் தங்கப் பூச்சையும் பார்த்துவிட்டுப் போய்விடும். நீங்கள் அப்பாவை தே மியேவ் கோயில் முற்றத்துக்குக் கூட்டிப் போங்கள். 1835–37-ல் வார்த்த ஒன்பது வெண்கல அண்டாக்கள் வரிசையாக நிற்கும். பெரியது 2,500 கிலோவுக்கு மேல். ஒவ்வொன்றின் வயிற்றிலும் நாட்டின் ஆறு, மலை, மரம், பறவை, படகு, பீரங்கி என்று புடைப்பாக வார்த்திருக்கிறார்கள். மழையில் நனைந்திருக்கும்போது அந்த உருவங்கள் இன்னும் தெளிவாகத் தெரியும். அங்கே தரை சமம், அம்மாவுக்கும் சிரமம் இல்லை.

சமாதிகளில் து டுக் அரசருடையதை மட்டும் மூவரும் பாருங்கள். உயிரோடு இருக்கும்போதே ஓய்வுக்கு வந்து தங்குவதற்காக அவர் கட்டிக்கொண்ட இடம். குளம், அதன்மேல் மர மண்டபம், பைன் மரங்கள். ஏரிக்கரையில் அம்மா உட்கார்ந்துகொள்ளலாம். தந்தைக்கு மகன் கல்வெட்டு எழுதுவது அங்கே வழக்கம். பிள்ளை இல்லாததால் து டுக் தன் கல்வெட்டைத் தானே எழுதினார், ஆட்சியில் தவறியதையும் அதில் சேர்த்தார். அந்தப் பெரிய கல்லை அப்பா நிச்சயம் பார்க்க வேண்டும்.

காய் டிங் சமாதிக்கு 127 படி. அம்மாவைக் காரிலேயே இருக்கச் சொல்லிவிட்டு நீங்களும் அப்பாவும் ஏறிவிட்டு வாருங்கள். வெளியே கறுத்த சிமென்ட், உள்ளே சுவர் முழுக்கப் பீங்கான் சில்லும் கண்ணாடிச் சில்லும் பதித்த பூவேலை. மின் மாங் அழகான இடம்தான், ஆனால் நடை நீளம். இந்த முறை விட்டுவிடுங்கள். தியென் மூ கோயிலுக்குச் சாயங்காலம் போங்கள். 1963-ல் சைகோனில் தீக்குளித்த துறவி திக் குவாங் டுக் வந்து இறங்கிய கார் பின்பக்கம் இருக்கிறது.

சம்பா விஷயம். மி சன் கோயில்களை ஹுவேயிலிருந்து பார்க்க வேண்டாம், டா நாங் பக்கத்தில் இருக்கும்போது காலையிலேயே போய் வாருங்கள். பத்ரவர்மன் காலத்தில், 4-ஆம் நூற்றாண்டில், பத்ரேசுவரர் என்ற பெயரில் சிவனுக்கு எழுந்த இடம். நம் தொல்லியல் துறை அங்கே பழுது பார்த்தபோது 2020-ல் ஒரே கல்லில் செய்த லிங்கம் கிடைத்தது. டா நாங் சாம் அருங்காட்சியகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹுவே நிலமே 1306 வரை சம்பாவுடையது. வியட்நாம் இளவரசி ஹுயென் துரானை மணந்த சம்பா அரசர் பரிசமாகக் கொடுத்த பகுதி அது. ஹுவோங் ஆற்றங்கரை ஹோன் சென் கோயிலில் இன்றும் வழிபடும் அம்மன், சம்பாவின் சாம் மக்கள் வணங்கிய போ நகர் அம்மன்தான். அப்பாவிடம் சொல்லுங்கள்.

பொன்னித்துறை

அப்பா இதை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். ரயிலில் போகலாமா?

ஹைவான்_கணவாய்

போகும்போது ரயிலில் போங்கள். டா நாங்கிலிருந்து ஏறினால் வலப்பக்க ஜன்னல், மலைக்கும் கடலுக்கும் நடுவே வளைந்து போகும். மூன்று மணி நேரம் ஆகும். திரும்பும்போது கார். பெருமழையில் ஹை வான் பக்கம் மண் சரிந்தால் ரயில் நின்றுவிடும். ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவு டா நாங்கிலேயே இருங்கள், ஹுவேயை முதல் பாதியில் வைத்துக்கொள்ளுங்கள்.