மறு: மறு: ‘ஹார்ட் பாப்’ – தமிழில் எப்படி?

நண்பர்களுக்கு வணக்கம்,

ஜாஸ் இசையின் டெனர் சாக்சஃபோன் கலைஞர் ஹேங்க் மோப்லியைப் பற்றி ஒரு கட்டுரையை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்குள் தர வேண்டும். பியானோ கலைஞர் ஹாரஸ் சில்வர், டிரம்ஸ் கலைஞர் ஆர்ட் பிளேக்கி ஆகியோரோடு 1954இல் பதிவு செய்தது முதல் அவர் வாசித்த பாணிக்கு ‘ஹார்ட் பாப்’ (hard bop) என்று பெயர். அதை நம் எழுத்தில் எழுதினால் முதல் சொல் இதயமாகிறது, அடுத்தது மைக்கேல் ஜாக்சன் பாடிய பாப் ஆகிறது. ‘கடின பாப்’ என்றால் கேட்கக் கடினம் என்று படுகிறது. உதவுங்கள்.

---

தம்பி, ‘வல்லிசை’ என்று வையுங்கள். தொல்காப்பியச் செய்யுளியல் சொல்லும் இருபது வண்ணங்களில், அதாவது செய்யுளின் ஓசை வகைகளில், வல்லெழுத்து மிகுவது வல்லிசை வண்ணம். ஹார்ட் பாப்புக்கு முந்தைய ஜாஸ் பாணியான ‘பீபாப்’, பாடகர்கள் வாயால் உருட்டிய பொருளற்ற ஒலியில் பிறந்த பெயர், நம் கொன்னக்கோல் சொற்கட்டு மாதிரி. அந்த ஒலிக்கும் நம்மிடம் வேர் இருக்கிறது. பம்புதல் என்றால் ஒலித்தல், செறிதல். பம்பை அதில் வந்ததுதான். ஆகவே ‘வன்பம்பு’ இன்னும் பொருந்தும்.

---

ஐயா, பம்பு என்றால் இன்று கிணற்று மோட்டார்தான் நினைவுக்கு வரும். வல்லிசையிலும் எனக்குத் தயக்கம் உண்டு. இங்கே ‘ஹார்ட்’ என்பது சத்தத்தைச் சொல்லவில்லை. கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டையும் புளூஸையும் பீபாப்புக்குள் அழுத்தமாகக் கொண்டுவந்ததைச் சொல்கிறது. அதிலும் மோப்லி! விமர்சகர் லெனர்ட் ஃபெதர் அவரைக் குத்துச்சண்டை மொழியில் டெனர் சாக்சஃபோனின் நடுத்தர எடைச் சாம்பியன் என்றார். தன் நாதம் பெரிதுமில்லை, சிறிதுமில்லை, உருண்டையானது என்பது மோப்லியே சொன்னது. 1960 பிப்ரவரி 7இல் பதிவான அவருடைய ‘சோல் ஸ்டேஷன்’ ஆல்பத்தைக் கேளுங்கள். பிளேக்கியின் டிரம்ஸ் அத்தனை முடுக்கியும் இவர் சொற்றொடரை அவசரமில்லாமல் முடிக்கிறார். நீங்கள் சொன்ன அதே இருபதில் இடையெழுத்து மிகுவது இயைபு வண்ணம். அதுதான் இவர்.

---

அக்கா, அது ஆளுக்குப் பொருந்துகிறது, பாணிக்கு இல்லையே. அதே பாணியில் வாசித்த லீ மார்கனின் டிரம்பெட்டை இயைபு என்று எப்படிச் சொல்வது? வல்லிசைக்குள் இடையினமாக ஒருவர் நின்றார் என்று எழுதினால் இரண்டும் நிற்கும்.

அப்புறம் இன்னொரு சொல். 1957இல் பதிவான மோப்லியின் ‘பாப்பின்’ (Poppin') ஆல்பம் 1980இல்தான் வெளிவந்தது. 1966இன் ‘எ ஸ்லைஸ் ஆஃப் த டாப்’ 1979இல். இசைத்தட்டு நிறுவனம் அலமாரியில் வைத்துவிட்ட இவற்றுக்கு ‘வெளியிடப்படாத ஒலிப்பதிவு’ என்பது நீளம். ‘கிடப்புப் பதிவு’ சரியா?

---

கிடப்புப் பதிவு அருமை, மாற்ற வேண்டாம். 1986இல் அவர் இறப்பதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் இவையெல்லாம் வெளியே வந்தன என்பதையும் அந்தச் சொல் தாங்குகிறது.

---

நால்வர் வல்லிசைக்குச் சரி என்றுவிட்டார்கள், நேரமும் இல்லை. கட்டுரையில் முதன்முறை வரும் இடத்தில் ‘ஹார்ட் பாப் எனும் வல்லிசை ஜாஸ்’, பிறகு வல்லிசை ஜாஸ் என்று அனுப்புகிறேன்.

---

அனுப்புங்கள் தம்பி. ஆனால் ஜாஸை அப்படியே விட்டுவிட்டு ‘பாப்’பை மட்டும் கைவிட்டது எனக்கு ஒப்பவில்லை. பம்புதல் பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.