'2 வயதுக்குள் 16 கோடி': அந்தத் தலைப்பில் தப்பே இல்லையா?

தராசுமுள்:
பக்கத்து இழையில் நாலாம்பக்கம் எழுதியதைப் படித்துவிட்டுச் சும்மா போக மனம் வரவில்லை. எஸ்.எம்.ஏ. என்ற, தண்டுவட நரம்பணு மடிந்து தசை மெலியும் மரபணு நோய் உள்ள குழந்தைகளைப் பற்றி, "2 வயதுக்குள் 16 கோடி ரூபாய் ஊசி போடாவிட்டால் உயிர் போய்விடும்" என்று பத்திரிகைகள் எழுதியதால்தான் ஊர் கூடிப் பணம் கொடுத்தது, அந்த வரியில் தப்பே இல்லை என்கிறார். அந்த ஒரே வரியில் மூன்று தப்பு இருக்கிறது.

அந்த 16 கோடி மருந்தான ஸோல்ஜென்ஸ்மா குத்திவிட்டு அனுப்பும் ஊசி இல்லை. எடைக்கு அளந்து, ரத்தநாளம் வழியாக 60 நிமிடம் ஏற்றுவது. மரபணுவைச் சுமந்து செல்லும் ஏ.ஏ.வி.9 வைரஸுக்கு எதிர்ப்பொருள் குழந்தையின் ரத்தத்தில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அதன் அளவு 1:50-ஐத் தாண்டினால் 16 கோடியும் கையில் இருந்தும் அன்றைக்கு ஏற்ற முடியாது. ஏற்றுவதற்கு முந்தின நாளே ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு, கிலோவுக்குத் தினம் 1 மி.கி., தொடங்கி 30 நாள். கல்லீரல் சோதனை முடிவு சரியாக இருந்தால் அதன்பிறகு மெல்லக் குறைப்பார்கள்.

"உயிர் போய்விடும்" என்பது உட்காரவே முடியாத முதல் வகைக்குப் பொருந்தும். இரண்டாம் வகைக் குழந்தை உட்காரும், மூன்றாம் வகை நடக்கும். அவர்களில் பெரியவர்களாக வளர்ந்து படித்து வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

மூன்றாவது அந்த 2 வயது. அது இந்த மருந்துக்கான அமெரிக்க அனுமதிச் சீட்டில் இருக்கும் வயது வரம்பு. குழந்தையின் ஆயுள் கெடு இல்லை.

நாலாம்பக்கம்:
வந்துட்டாரு. சார், 2019 மே மாசம் அமெரிக்காவில் அனுமதி கொடுத்தப்ப "2 வயதுக்குட்பட்டவர்களுக்கு" என்று போட்டாங்களா இல்லையா? போட்டாங்க. 2020 ஜனவரியில் மருந்தைத் தயாரிக்கும் நோவார்டிஸ் இலவசக் குலுக்கல் தொடங்கியதே, ஆண்டுக்கு 100 டோஸ் வரை, அதுக்கும் 2 வயதுதான் எல்லை. அந்தத் தேதி தாண்டினா பெயரே குலுக்கலில் இருக்காது. அப்புறம் கெடு இல்லாம அது என்னங்க? சிகிச்சை கிடைக்காத முதல் வகைக் குழந்தைகளில் பெரும்பாலோர் 2 வயசுக்குள் இறந்துடுவாங்க, இல்லைன்னா நிரந்தரமா சுவாசக் கருவிக்குப் போயிடுவாங்க. நிருபர் அதைத்தான் எழுதினார்.

தராசுமுள்:
"முதல் வகை" என்று நீங்கள் இப்போது எழுதுகிறீர்கள். செய்தியில் அந்தச் சொல் இருந்ததா? அதுதான் கேள்வி.

2020-இல் ஐரோப்பா அனுமதித்தபோது வயது வரம்பே வைக்கவில்லை. முதல் வகை என்று மருத்துவர் உறுதி செய்திருக்க வேண்டும், அல்லது குறையை ஓரளவு ஈடுகட்டும் எஸ்.எம்.என்.2 மரபணுவின் நகல் 3 வரை இருக்கலாம். மருந்தளவு அட்டவணை 21 கிலோ வரை போகிறது. காரணமும் இருக்கிறது. மருந்து கிலோவுக்கு இவ்வளவு வைரஸ் துகள் என்ற கணக்கில் ஏறுகிறது. எடை கூடக் கூட மொத்தச் சுமை கூடும், கல்லீரல் அடிவாங்கும். 2022-இல் ரஷ்யாவிலும் கஜகஸ்தானிலும் இந்த மருந்துக்குப் பிறகு கல்லீரல் செயலிழந்து இரண்டு குழந்தைகள் இறந்ததை நிறுவனமே அறிவித்தது. ஆக, மருத்துவர் பார்ப்பது எடை, கல்லீரல், நகல் எண்ணிக்கை. பத்திரிகை பார்ப்பது பிறந்தநாள்.

கொல்லிமலைக்காற்று:
இருவருக்கும் வணக்கம். எனக்குத் தலைப்பைவிட அதற்குக் கீழே இருக்கும் வெற்றிடம்தான் உறுத்துகிறது. இதே நோய்க்கு ரிஸ்டிப்லாம் என்று வாயில் கொடுக்கும் மருந்து 2020-இலேயே அமெரிக்காவிலும் 2021-இல் இந்தியாவிலும் வந்துவிட்டது. தண்டுவட நீரில் செலுத்தும் ஸ்பின்ராஸா 2016-இலிருந்தே இருக்கிறது: 0, 14, 28, 63-ஆம் நாள், பிறகு நான்கு மாதத்துக்கு ஒருமுறை. பத்திரிகைகளில் ஸோல்ஜென்ஸ்மாவை "உலகில் ஒரே மருந்து" என்று எப்படி எழுதினார்கள்?

நாலாம்பக்கம்:
ஆயுசுக்கும் வாங்க வேண்டிய மருந்துக்கு யார் நிதி திரட்டித் தருவாங்க அம்மா? ஒரே தடவை, ஒரே தொகை, ஒரே தேதி, அப்பத்தான் ஜனங்க பணம் கொடுப்பாங்க. அதோட ரிஸ்டிப்லாம் இப்ப பிரச்சினையே இல்லை. நாட்கோ கம்பெனியோட மலிவு விலை ரிஸ்டிப்லாம் வந்தாச்சு, மாசம் 15,900 ரூபாய். இதையும் பத்திரிகைதான் எழுதிச்சு.

தராசுமுள்:
மாதம் 15,900 என்று யார் சொன்னது? 15,900 என்பது ஒரு புட்டியின் விலை.

ஒரு புட்டியில் 60 மி.கி. தூள். மருந்தாளுநர் 79 மி.லி. சுத்திகரித்த நீர் விட்டுக் கரைத்தால் 80 மி.லி., மி.லி.க்கு 0.75 மி.கி. இரண்டு மாதத்திலிருந்து 2 வயதுவரை கிலோவுக்கு 0.2 மி.கி.; அதற்கு மேல் 20 கிலோவுக்குக் கீழ் 0.25, 20 கிலோ தொட்டுவிட்டால் எல்லாருக்கும் தினம் 5 மி.கி. இனிக் கணக்குப் போடுங்கள்.

8 கிலோ, ஒரு வயது: தினம் 1.6 மி.கி. புட்டி 37 நாள் வரும்.
12 கிலோ, மூன்று வயது: 3 மி.கி. 20 நாள்.
20 கிலோவுக்கு மேல்: 12 நாள். ஆண்டுக்கு 30 புட்டிக்கு மேல், கிட்டத்தட்ட 4.8 லட்சம்.

முதலில் விற்ற ரோஷ் நிறுவனத்தின் விலையில் புட்டி 6 லட்சத்துக்கு மேல் இருந்தது, அப்போது இதே கணக்கு ஒன்றேமுக்கால் கோடியைத் தாண்டும். அதனால் விலை இறங்கியது பெரிய விஷயம், மறுக்கவில்லை. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றத் தனி நீதிபதி, நாட்கோவுக்கு எதிராக ரோஷ் கேட்ட தடையைத் தர மறுத்தார், அக்டோபரில் இரு நீதிபதிகள் அமர்வும் மறுத்தது, உச்ச நீதிமன்றமும் தலையிடவில்லை. ஆனால் "மாதம் 15,900" என்ற உங்கள் வரியை நம்பி, 25 கிலோ பிள்ளையின் அப்பா அம்மா 12-ஆம் நாள் கடையில் போய் நிற்பார்கள்.

கரைத்த மருந்து 2 முதல் 8 டிகிரியில் 64 நாள்தான். பச்சிளங்குழந்தைக்கு அளவு கம்மி என்பதால் மிச்சம் இருந்தாலும் கொட்ட வேண்டியதுதான். பால், பால்பவுடர் எதிலும் கலக்கக் கூடாது. சிரிஞ்சில் எடுத்த 5 நிமிடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். வாந்தி எடுத்தால் அன்று மறுபடி கொடுக்கக் கூடாது. செய்திக்கு வேண்டியது இவைதான்.

நாலாம்பக்கம்:
புட்டின்னே வெச்சுக்கங்க. நான் சொன்னது 2 வயசைப் பத்தி. அதுக்குப் பதில் வரலையே?

சொல்லேர்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எல்லா நாளிதழும் "தசைநார் சிதைவு நோய்" என்றே எழுதுகிறது. தசைநார் என்பது தசையை எலும்போடு பிணைக்கும் நார். இந்த நோயில் அதற்கு ஒன்றும் ஆவதில்லை. தண்டுவடத்தின் முன்பகுதியில் இருக்கும் இயக்க நரம்பணுக்கள் மடிகின்றன, கட்டளை வராத தசை மெலிகிறது. "தண்டுவடத் தசைநலிவு" என்பதே பொருந்தும். பெயரையே தப்பாக வைத்துவிட்டு வயதுக்குச் சண்டை போடுகிறீர்கள்.

நாலாம்பக்கம்:
ஐயா, தசைநார்னு கூகுளில் தேடினாத்தான் ஜனங்களுக்குச் செய்தியே கிடைக்கும். உங்க சொல்லைத் தேடினா உங்க பதிவு மட்டும்தான் கிடைக்கும்.

சொல்லேர்:
அந்தத் தேடலில் டூஷேன் நோயும் சேர்ந்து வருவதால்தான் சொல்கிறேன். அது எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருப்பது, பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கு, தசையே சிதைவது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் ஒன்றுக்கான மருந்துச் செய்தியை மற்றதன் பெற்றோர் நம்பி ஏமாறுகிறார்கள்.

தராசுமுள்:
நாலாம்பக்கத்துக்கு அது புரியாது. போன டூஷேன் இழையில், தசை சிதைந்தால் ரத்தத்தில் கூடும் நொதியான "சி.கே. அளவு பல மடங்கு எகிறும்" என்று எஸ்.எம்.ஏ.வுக்கும் சேர்த்து எழுதினார். எஸ்.எம்.ஏ.வில் சி.கே. இயல்பாகவோ சற்றே கூடியோதான் இருக்கும், உறுதி செய்வது எஸ்.எம்.என்.1 மரபணுச் சோதனை என்று அங்கேயே சொன்னேன். இன்றுவரை திருத்தவில்லை.

நாலாம்பக்கம்:
அந்த இழையை இன்னும் தூக்கிட்டு அலையறீங்களா? நிர்வாகி பூட்டினதே உங்க பேச்சாலதான்.

பனையோலை:
எனக்குப் பொறுக்காதது வேறு. ஒவ்வொரு செய்தியிலும் "நெருங்கிய உறவில் திருமணம் செய்ததால்" என்று ஒரு வரி வந்துவிடுகிறது. தாய்க்கு அது தீர்ப்பு மாதிரி. இந்த மரபணுக் குறைபாட்டை அறியாமலே சுமப்பவர்கள் சுமார் 40 முதல் 60 பேரில் ஒருவர். முன்பின் தெரியாத இரண்டு குடும்பங்கள் சம்பந்தம் செய்தாலும் வரலாம். இருவரும் சுமந்தால் ஒவ்வொரு கருவுக்கும் 25 சதவீதம்.

கொல்லிமலைக்காற்று:
ஆனால் உறவில் செய்தால் வாய்ப்பு கூடும் என்பதும் உண்மைதானே பனையோலை? அதை மறைத்தால் அதுவும் தப்பு.

பனையோலை:
கூடும் என்று எழுதட்டும். "அதனால்தான் வந்தது" என்று எழுத அந்த நிருபர் யார்? அடுத்த பிள்ளைக்குக் கருவிலேயே சோதனை இருக்கிறது என்று ஒரு வரி போட்டாரா?

நாலாம்பக்கம்:
எல்லாரும் நிருபரை அடிங்க. 2021-இல் மும்பைக் குழந்தையோட ஸோல்ஜென்ஸ்மாவுக்கு இறக்குமதி வரி, ஜி.எஸ்.டி. சேர்த்து 6 கோடி தள்ளுபடி ஆச்சே, யார் கூச்சல் போட்டு? அதே ஆண்டு செப்டம்பரில் ஜி.எஸ்.டி. கவுன்சில் அந்த மருந்துக்கு விலக்கு கொடுத்தது யார் எழுதி? நீங்க அட்டவணை போட்டா?

தராசுமுள்:
வரி விலக்குக்குச் செய்தி உதவியது. சரி. 2023 ஏப்ரலிலிருந்து, தேசிய அரிய நோய்க் கொள்கைப் பட்டியலில் உள்ள நோய்களுக்குச் சொந்த உபயோகத்துக்கு இறக்குமதி செய்யும் மருந்துக்குச் சுங்க வரியும் இல்லை. அதற்குப் பிறகும் "வரியோடு 22 கோடி" என்று பழைய தொகையை அடிக்கும் செய்தியைத்தான் கேட்கிறேன். அதே கொள்கையில் சிறப்பு மையங்கள் வழியாக நோயாளிக்கு 50 லட்சம் வரை உதவி 2022-இலிருந்து இருக்கிறது. 16 கோடி முன்னால் 50 லட்சம் தூசு, அதனால் எழுத மாட்டார்கள். நாட்கோ விலையில் அதே 50 லட்சம் 20 கிலோ தாண்டிய பிள்ளைக்குக் கூடப் பத்து ஆண்டு மருந்து. எந்த மையத்தில், யாரிடம், எந்தச் சோதனை முடிவோடு போக வேண்டும் என்று ஒரு பெட்டிச் செய்தி போதும்.

இன்னொன்று. மருந்து ஏற்றிய மறுநாள் "குழந்தை நலம்" என்று போட்டோவோடு முடித்துவிடுகிறார்கள். மடிந்த நரம்பணு திரும்பி வராது. மிச்சம் இருப்பதைத்தான் மருந்து காக்கும். முதல் மாதம் வாராவாரம் கல்லீரல், ரத்தத் தட்டணு பார்க்க வேண்டும், பிறகு முதுகு வளைவு, சளி எடுப்பது, விழுங்கும் பயிற்சி, பிசியோ. ஆறு மாதம் கழித்து அந்தப் பிள்ளை சக்கர நாற்காலியில் வந்தால் "16 கோடி வீணா?" என்று தெருவே கேட்கிறது. அந்தக் கேள்வியை மூட்டியது தலைப்பு.

நாலாம்பக்கம்:
இவ்வளவு நீளமா எழுதியும் என் கேள்வியைத் தொடலை. அமெரிக்கச் சீட்டில் 2 வயசு இருக்கா, இல்லையா?

கொல்லிமலைக்காற்று:
2025 நவம்பரில் 2 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குத் தண்டுவட நீரில் செலுத்தும் வடிவத்தை அமெரிக்காவே அனுமதித்துவிட்டது.

நாலாம்பக்கம்:
அது வேற பெயர், வேற தயாரிப்பு. நான் கேட்டது ஸோல்ஜென்ஸ்மா.

சொல்லேர்:
அந்த வடிவத்துக்கும் "தசைநார் சிதைவுக்குப் புதிய ஊசி" என்றுதான் போட்டார்கள்.

தராசுமுள்:
அமெரிக்கச் சீட்டில் இருக்கிறது. நம் ஊர்ச் செய்தியில் "அமெரிக்க" என்ற சொல் இருந்ததா? "முதல் வகை" இருந்ததா? இருந்த ஒரு செய்தியை இங்கே ஒட்டுங்கள், பார்க்கலாம்.

நாலாம்பக்கம்:
இருக்குன்னு ஒத்துக்கிட்டீங்கல்ல. அது போதும் எனக்கு.

தராசுமுள்:
ஒட்டுங்கள்.