படிக மண்டை ஓடு போலின்னா ஏன் இன்னும் கண்ணாடிப் பெட்டில இருக்கு?

குயில்தோப்பு:
லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கிற, படிகக்கல்லுல செதுக்குன மண்டை ஓடு, மெக்சிகோவை முன்னாடி ஆண்ட அஸ்டெக் மக்கள் காலத்தது இல்ல, 19ஆம் நூற்றாண்டுல ஐரோப்பால செஞ்சதா இருக்கும்னு அவங்களே சொல்லிட்டாங்க. அப்புறம் எதுக்குக் காட்சிக்கு வெக்கணும்? படிகக்கல்லுக்கு கார்பன் டேட்டிங்கும் எடுபடாது, எதை வெச்சு போலிங்கறாங்க? அந்த ஊர் மக்களுக்கு இவ்ளோ நேர்த்தியா வராதுங்கற பழைய திமிர்தானோன்னு தோணுது.

சாணைக்கல்:
திமிர் இல்ல ப்ரோ. ஓட்டுல செதுக்கியிருக்கிற பல்லு மேல சிலிக்கோன் அச்சு எடுத்து எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல பாத்தாங்க, கோடெல்லாம் ஒரே சீரா நேரா ஓடுது, சுத்துற சக்கரத்துல தேச்சாதான் அப்படி விழும், அஸ்டெக் ஆளுங்ககிட்ட அந்த சக்கரமே கிடையாது. எங்கப்பா திருச்சில செயற்கை வைரத்துக்குப் பட்டை தீட்டுனவரு, சக்கரத்துல பட்ட கல்லை லென்ஸ்ல பாத்ததுமே சொல்லிடுவாரு. ஒப்பிட்டுப் பாக்க அதே மெக்சிகோவோட இன்னொரு பழங்குடி மிக்ஸ்டெக் மக்கள் செஞ்ச அசல் படிகக் கோப்பையையும் எடுத்தாங்க, அதுல இந்த சீர் இல்ல. அவங்களுக்குப் படிகவேலை தெரியும்னு வெச்சுத்தான் ஆராய்ச்சியே நடந்துச்சு.

குயில்தோப்பு:
கோப்பை விஷயம் எனக்குத் தெரியாது, ஒத்துக்கறேன். ஆனா பழைய கல்லுக்கு பின்னாடி எவனோ மறுபடி பாலிஷ் போட்டிருந்தா?

பழைய ரசீது:
நல்ல கேள்வி, அதனாலதான் கோடு மட்டும் போதாது, காகிதத்தையும் பாக்கணும்ங்கறேன். அமெரிக்காவோட ஸ்மித்சோனியன் மியூசியத்துக்கு 1992ல பேர் போடாம தபால்ல ஒரு படிக மண்டை ஓடு வந்துச்சு, 14 கிலோ. அங்க இருந்த ஆராய்ச்சியாளர் ஜேன் வால்ஷ் அதுக்கப்புறம் பழைய பதிவேடெல்லாம் தோண்டுனாங்க. பிரிட்டிஷ் மியூசியம் ஓட்டோட வழி யூஜின் போபான்கிற வியாபாரிகிட்ட போய் நின்னுச்சு. 1881ல அவரு பாரிஸ் கேட்டலாக்ல எங்க கிடைச்சதுன்னே போடல, 1886 நியூயார்க் ஏலத்துல அது மெக்சிகோ பொருளாயிடுச்சு, டிஃபனிங்கற நகைக் கம்பெனி வாங்குச்சு, அவங்ககிட்டருந்து 1897ல மியூசியம் வாங்குச்சு. மண்ணுக்குள்ளருந்து எடுத்ததா எந்தத் தோண்டல் பதிவும் இல்ல. பாலிஷை யாரு வேணா போடலாம், அந்தப் பதிவு எங்க?

சாணைக்கல்:
ஸ்மித்சோனியன் ஓட்டுல சின்னக் குழிக்குள்ள சிலிக்கான் கார்பைடுங்கற, கல்லைத் தேய்க்கிற பொடியும் ஒட்டியிருந்துச்சு. அது 1890கள்லதான் தொழிற்சாலைல வர ஆரம்பிச்சுது.

குயில்தோப்பு:
அப்ப இன்னும் மோசம்! அந்த மக்களோட பேரை வெச்சு ஒரு வியாபாரி காசு பாத்திருக்கான். பள்ளிக்கூடப் பிள்ளைங்க அஸ்டெக்னா இந்த ஓட்டைத்தான் நெனைக்குதுங்க. எடுத்து குடோன்ல போடுங்க.

பழைய ரசீது:
குடோன்ல போட்டா மியூசியம் ஏமாந்த கதையும் சேந்து உள்ள போயிடும். லேபிள்ல உண்மையை எழுதி வெளியதான் வெக்கணும்.

குயில்தோப்பு:
லேபிளை எத்தனை பேர் நின்னு படிக்கறான்? வெக்கறதா இருந்தா பக்கத்துலயே அந்த மிக்ஸ்டெக் கோப்பை போட்டோவையாச்சும் பெருசா மாட்டுங்க, ரெண்டுலயும் இருக்கிற கோடுகளை ஜனங்க கண்ணால பாக்கட்டும்.

சாணைக்கல்:
இதுக்கு நான் சரிங்கறேன்.