'சின்னஞ்சிறு கிளியே': பிள்ளைகளுக்கு எந்த மெட்டைச் சொல்லிக்கொடுக்கலாம்?

திண்டுக்கல் பாட்டு டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன். டிசம்பர் 11, பாரதியார் பிறந்தநாள் விழாவில் பாட ஒரு பள்ளியில் கேட்டிருக்கிறார்கள். எட்டு முதல் பன்னிரண்டு வயது வரையிலான பிள்ளைகள். சிலர் ஸ்வரஜதிப் பாடம் வரை வந்துவிட்டார்கள், சிலர் அதற்கு முந்தைய பாடமான கீதத்தை இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறார்கள். 'ஓடி விளையாடு பாப்பா' வருடா வருடம் பாடியாகிவிட்டது. இந்த முறை 'சின்னஞ்சிறு கிளியே கண்ணம்மா' பாடவைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

எந்த மெட்டில் என்பதுதான் கேள்வி.

எனக்குப் பாடமானது 1951இல் வந்த 'மணமகள்' படத்தின் ராகமாலிகை, அதாவது பல ராகங்கள் கோத்த மெட்டு. காபியில் ஆரம்பித்து மாண்டு, வசந்தா, திலங் என்று போகும் மெட்டு. கச்சேரி மேடையில் நாம் கேட்பதும் பெரும்பாலும் அதைத்தான். ஆனால் பிள்ளைகள் ஒவ்வொரு ராகம் மாறும்போதும் தடுமாறுகிறார்கள். 'பிள்ளைக் கனியமுதே' மாண்டில் அழகாக வருகிறது. அடுத்து 'ஓடி வருகையிலே' என்று வசந்தாவுக்குப் போனால் ரிஷபம் (ரி) இறங்க வேண்டும், பஞ்சமமே (ப) கூடாது. மாண்டில் பழகிய வாய் பஞ்சமத்தைப் போய்ப் பிடித்துக்கொள்கிறது. அதைச் சரிசெய்வதற்குள் திலங் வந்துவிடும். அங்கே பஞ்சமம் உண்டு, ஆனால் ரிஷபமும் தைவதமும் (த) கிடையாது. பெரியவர்களுக்கே இது வேலை வாங்கும் பாட்டு.

பிள்ளைகளின் அம்மாக்களுக்குத் தெரிந்தது 1987இல் 'நீதிக்குத் தண்டனை' படத்தில் ஜேசுதாஸும் ஸ்வர்ணலதாவும் பாடியது. "அந்த மெட்டே போதுமே டீச்சர், வீட்டிலும் நாங்கள் பாடிக் காட்டுவோம்" என்கிறார்கள்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. பாரதியார் புத்தகத்தில் இந்தப் பாட்டுக்கு மேலே ராகம் பைரவி, தாளம் ரூபகம் என்று அச்சாகியிருக்கிறது. அந்த வழியில் யாராவது பாடிப் பார்த்திருக்கிறீர்களா? மூன்றையும் ஊன்றிக் கேட்டவர்கள் சொல்லுங்கள். எளிது எது என்று மட்டும் சொல்லாதீர்கள். பாட்டுக்கு நியாயம் செய்வது எது என்று தெரிய வேண்டும்.

மாம்பலம் ரசிகன்:

டீச்சர், பிள்ளைகளுக்குக் கஷ்டம் என்பதற்காக அந்த ராகமாலிகையை ஒதுக்கிவிடாதீர்கள்.

சி.ஆர். சுப்பராமன் அந்த மெட்டைப் போட்டபோது முப்பது வயதுகூட ஆகவில்லை. அடுத்த வருடமே, 1952இல் காலமாகிவிட்டார். என்.எஸ். கிருஷ்ணன் இயக்கிய படம், பத்மினி நடித்தது. எம்.எல். வசந்தகுமாரியும் வி.என். சுந்தரமும் பாடினார்கள். பாரதி பாட்டுகளை அரசு நாட்டுடைமை ஆக்கியது 1949இல். அதுவரை அவற்றைப் படத்திலும் இசைத்தட்டிலும் பயன்படுத்தும் உரிமை ஏவி. மெய்யப்பனிடம் இருந்தது. நாட்டுடைமை ஆன சூட்டோடு வந்த பாட்டு இது. சினிமாவுக்காகப் போட்ட ஒரு மெட்டு சபாவுக்குள் நுழைந்து, கச்சேரி முடிவில் துக்கடாவாக (சின்ன உருப்படியாக) இன்று வரை பாடப்படுகிறது என்றால் அது சின்ன விஷயம் இல்லை.

நீங்கள் பஞ்சமத்தைப் பற்றிச் சொன்னீர்களே, அதில்தான் சுப்பராமனின் மூளை தெரிகிறது. வசந்தாவில் பஞ்சமத்தில் நின்று இளைப்பாற முடியாது. மத்யமத்திலிருந்து (ம) நேரே தைவதத்துக்குத் தாவ வேண்டும். 'ஓடி வருகையிலே கண்ணம்மா, உள்ளம் குளிருதடி' என்ற வரிக்கு அந்தத் தாவல் எப்படிப் பொருந்துகிறது பாருங்கள். அடுத்து 'உச்சிதனை முகந்தால்' என்று குழந்தையைத் தூக்கி அணைத்த பிறகு திலங். அங்கே பஞ்சமம் திரும்பிவிடுகிறது, குரல் நிற்க இடம் கிடைக்கிறது. ராகம் மாறுவது அலங்காரத்துக்காக இல்லை, கண்ணிக்குக் கண்ணி (பாட்டின் ஒவ்வொரு பகுதிக்கும்) மனசு மாறுவதால்தான் மாறுகிறது.

வசந்தகுமாரியின் பதிவில் நான் மறுபடி மறுபடி கேட்பது வேகத்தை. இழுப்பு இல்லை. ஜி.என். பாலசுப்பிரமணியத்திடம் படித்தவர், பிருகாவை (வேகமான ஸ்வர உருட்டலை) அள்ளி வீசக்கூடிய தொண்டை. இங்கே அதைத் தேவைக்கு மேல் ஒரு இடத்திலும் காட்டவில்லை. அவருடைய சிஷ்யை சுதா ரகுநாதன் மேடையில் பாடும்போது அந்தப் பாடாந்தரம் (குருவழி பாடும் முறை) தெரியும். மகாராஜபுரம் சந்தானம் பாடியதையும் கேளுங்கள். பாரதி தகப்பனாக நின்று எழுதிய பாட்டு என்பது ஆண் குரலில் கேட்கும்போதுதான் எனக்கு உறைத்தது. பின்னால் வந்த சிலர் 'குளிருதடி' போல வரி முடியும் ஒவ்வொரு 'தடி'யிலும் நின்று உருகுகிறார்கள். அது எனக்கு ஒட்டவில்லை. குழந்தை ஓடிக்கொண்டிருக்கும்போது பாட்டு உட்கார்ந்துவிடக் கூடாது.

என் யோசனை: நாலு ராகத்தையும் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுக்க வேண்டாம். காபியை எல்லோரும் சேர்ந்து பாடட்டும். வசந்தாவும் திலங்கும் ஸ்வரஜதி வரை வந்தவர்களுக்கு மட்டும்.

கேசட் காலத்துக்காரி:

மாம்பலம் ஐயா சொன்னதில் ஒரு தொடர்ச்சியைச் சேர்க்கிறேன். 'நீதிக்குத் தண்டனை'க்கு இசை எம்.எஸ். விஸ்வநாதன். அவர் சுப்பராமனிடம் உதவியாளராக இருந்தவர். சுப்பராமன் இறந்தபோது பாக்கி நின்ற 'தேவதாஸ்' வேலையை ராமமூர்த்தியோடு சேர்ந்து முடித்துக்கொடுத்தவர். குருவின் மெட்டு ஊர் முழுக்க ஊறிப்போயிருக்கும்போது, அதே பாட்டை எடுத்து வேறு மெட்டுப் போட எவ்வளவு துணிச்சல் வேண்டும்! பழையதைத் தொட்டுத் தடவிப் புதுசுபோல் கொடுக்கவில்லை. தனியாக ஒன்றைச் செய்தார்.

ஸ்வர்ணலதாவுக்கு அதுதான் முதல் சினிமாப் பாட்டு. அப்போது 14 வயது. 'மாலையில் யாரோ', 'போறாளே பொன்னுத்தாயி' எல்லாம் பிற்பாடு. பக்கத்தில் ஜேசுதாஸ். 1982இல் 'ஏழாவது மனிதன்' படத்துக்கு 'காக்கைச் சிறகினிலே' பாடி, பாரதியை எப்படிப் பாட வேண்டும் என்று காட்டிவிட்டவர். அவர் முன்னால் ஒரு சிறுமி பயமில்லாமல், குரலை உயர்த்திக் காட்டாமல், ஒவ்வொரு சொல்லையும் முழுசாக உச்சரித்துப் பாடியிருக்கிறாள். ல, ழ, ள மூன்றும் சுத்தமாக விழும். டீச்சர், உங்கள் பிள்ளைகளை அந்தப் பதிவைக் கேட்க வையுங்கள். அவர்களில் பெரியவர்களைவிட ரெண்டு வயசுதான் மூத்தவள் பாடியது என்று சொல்லுங்கள்.

சினிமாப் பாட்டு என்று பள்ளியில் யாராவது முகம் சுளித்தால், சபாவில் பாடுகிற மெட்டும் சினிமாவிலிருந்து வந்ததுதான் என்று சொல்லிவிடுங்கள்.

கும்பகோணம் வயலின்:

பைரவியைப் பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன். எனக்கு இது பல வருட ஆசை.

டீச்சர், புத்தகத்தில் ராகம், தாளத்தோடு நிறுத்தவில்லையே. அடுத்த வரியையும் பாருங்கள். 'ஸஸஸ ஸாஸா பபப' என்று தொடங்கும் ஸ்வர வரிசைகளைக் கொடுத்துவிட்டு, அவற்றை மாதிரியாக வைத்துக்கொண்டு "மனோபாவப்படி மாற்றிப் பாடுக" என்று பாரதியார் எழுதியிருக்கிறார். 1917இல் பரலி சு. நெல்லையப்பர் வெளியிட்ட 'கண்ணன் பாட்டு' தொகுப்பைச் சேர்ந்த பாட்டு இது. புதுச்சேரியில் இருந்தபோது எழுதியது. எழுதினவரே மெட்டையும் போட்டு, மாற்றவும் அனுமதி கொடுத்திருக்கிறார். சுப்பராமன் செய்ததும் விஸ்வநாதன் செய்ததும் அந்த அனுமதிக்குள் வருகிறது. அதனால் இந்த மூன்றில் எது அசல், எது நகல் என்று சண்டை போட இடமே இல்லை என்பது என் கட்சி.

ஆனாலும் அவர் போட்ட மெட்டை யாரும் பாடாமல் இருப்பது எனக்கு வருத்தம். அந்த ஸ்வரங்களை வாசித்துப் பாருங்கள். ஷட்ஜத்திலேயே (ஸ) கொஞ்ச நேரம் நின்றுவிட்டு நேராகப் பஞ்சமத்துக்கு ஏறுகிறது. தெருவில் விளையாடும் பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிடும்போது குரல் அப்படித்தானே ஏறும்? அப்புறம் தைவதம், நிஷாதம் தொட்டு, மெல்ல இறங்கி மத்யமம், காந்தாரம் வழியாக ஷட்ஜத்துக்கு வந்து சேர்கிறது. சுழன்று சுழன்று போகிற சங்கதி எதுவும் இல்லை. பாடத் தெரிந்த ஒரு தகப்பன் திண்ணையில் உட்கார்ந்து பாடுகிற அளவுக்குத்தான் இருக்கிறது.

பைரவி என்றவுடன் அந்த ராகத்தில் கஷ்டமான பாடமான விரிபோணி வர்ணத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம். ஏறும்போது சதுச்ருதி தைவதம் (உயர்ந்தது), இறங்கும்போது சுத்த தைவதம் (தாழ்ந்தது) என்பதைப் பிள்ளைகளின் காதில் ஏற்றிவிட்டால் போதும். கமகத்தை (ஸ்வர அசைவை) அளவாக வையுங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. 'பராசக்தியைக் குழந்தையாகக் கண்டு சொல்லிய பாட்டு' என்று தலைப்புக்குக் கீழே இருக்கிறது. கொஞ்சல் மட்டும் வந்தால் பாதிதான் வந்தது. 'உன் கண்ணில் நீர் வழிந்தால் என் நெஞ்சில் உதிரம் கொட்டுதடி' என்ற இடத்தைப் பைரவியில் வாசித்தபோது என் வில் தானாகவே மெதுவாகப் போயிற்று. அந்த ராகத்தின் கனம் அப்படி.

மேடையில் பெரும்பாலும் 'என்னுயிர் நின்னதன்றோ' என்பதோடு முடித்துவிடுகிறார்கள். பாட்டில் அதற்கப்புறம் மூன்று கண்ணிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் 'முல்லைச் சிரிப்பாலே எனது மூர்க்கம் தவிர்த்திடுவாய்' என்கிறார். தன் மூர்க்கத்தைக் குழந்தையிடம் ஒப்புக்கொள்கிற தகப்பனைத் தமிழ்ப் பாட்டில் வேறெங்கே பார்க்கிறோம்? எந்த மெட்டில் பாடினாலும் சரி, அந்தக் கண்ணியைத் தயவுசெய்து விடாதீர்கள்.

திண்டுக்கல் பாட்டு டீச்சர்:

மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. "மனோபாவப்படி மாற்றிப் பாடுக" என்ற வரியை நேற்று வகுப்பில் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டினேன். "அப்போ நாங்களே மெட்டுப் போடலாமா டீச்சர்?" என்று ஒரு பெண் கேட்டாள். போடலாம் என்றேன். எட்டாவது கண்ணியை அவளிடம் கொடுத்திருக்கிறேன், கும்பகோணம் சார் சொன்ன அதே மூர்க்கம் வருகிற கண்ணிதான்.

இப்போதைக்கு முடிவு இப்படி: முதல் கண்ணி பைரவியில், பாரதியார் கொடுத்த ஸ்வரப்படி எல்லோரும் சேர்ந்து. பிறகு மாண்டு, வசந்தா, திலங் மூன்றும் பெரிய பிள்ளைகள். கேசட் அக்கா, உங்கள் மெட்டை இதோடு கலக்கவில்லை. கலந்தால் அதன் ஓட்டம் கெட்டுவிடும். அதை அம்மாக்கள் தனியாகப் பாடட்டும் என்று கேட்டிருக்கிறேன், மூன்று பேர் சம்மதித்துவிட்டார்கள்.

ஒரு சந்தேகம் பாக்கி. 'கன்னத்தில் முத்தமிட்டால் உள்ளந்தான் கள்வெறி கொள்ளுதடி' என்ற கண்ணியைப் பள்ளி மேடையில் விட்டுவிடச் சொல்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை. இன்னொன்று, ராகம் மாறும் இடங்களில் சுருதியைப் பிள்ளைகள் எப்படிப் பிடித்துக்கொள்வார்கள்?

மாம்பலம் ரசிகன்:

விடாதீர்கள் டீச்சர். அதன் முதல் ரெண்டு சொல்லை 2002இல் ஒரு படத்துக்கே பெயராக வைத்து, ஊரெல்லாம் சுவரொட்டி ஒட்டினார்கள். தகப்பன் தன் குழந்தையை முத்தமிட்டுச் சொல்கிற வரி அது என்று தலைமையாசிரியரிடம் முழுக் கண்ணியையும் படித்துக் காட்டுங்கள், ஒத்துக்கொள்வார்.

கும்பகோணம் வயலின்:

சுருதியை ஐந்து கட்டையில் வையுங்கள், ஐந்தரைக்குப் போனால் சின்னப் பிள்ளைகள் மேலே கத்துவார்கள். வசந்தாவுக்குள் நுழையும் முன் ஒரு ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு சுற்று) பாட்டை நிறுத்தி, மூத்த பிள்ளை ஒருத்தி 'ஸமகமதநிஸா' என்று ஒரு தடவை மட்டும் பாடட்டும். திலங்குக்கு முன்னால் 'ஸகமபநிஸா'. கேட்பவர்களுக்கும் ராகம் மாறுவது புரியும், பிள்ளைகளுக்கும் பஞ்சமம் எங்கே உண்டு, எங்கே இல்லை என்பது நிற்கும். தம்பூராப் பெட்டியை வகுப்பில் பஞ்சமச் சுருதியில்தானே (ஸ-வோடு ப ஒலிப்பது) வைத்திருப்பீர்கள்? வசந்தாவை மட்டும் பழகும்போது மத்யமச் சுருதிக்கு (ப-வுக்குப் பதில் ம ஒலிப்பது) மாற்றிக் கொஞ்ச நாள் பாடவையுங்கள். அப்புறம் பழையபடி திருப்பிவிடலாம்.