திராஸில் பார்த்ததும் பாங்காங்கில் பார்த்ததும் ஒரே மர்மோட்டா?

கேட்டவர்: கல்வெளி

போன ஜூலையில் லடாக் போயிருந்தேன். ஸோஜி லா கணவாயைத் தாண்டி திராஸ் பக்கம் புல்சரிவில் ஒரு மர்மோட் (வளை தோண்டி வாழும், அணில் குடும்பத்துப் பெரிய கொறிவிலங்கு) பார்த்தேன். நல்ல துரு நிறம், முதுகின் நடுவில் கறுப்பாக ஏதோ போர்த்தியது போல இருந்தது, ஓடும்போது வால் பின்னால் புசுபுசுவென்று அலைந்தது. நாலு நாள் கழித்து பாங்காங் ஏரிக்குப் போகிற வழியில் இன்னொன்று. இது பெரிய பூனை அளவு இருக்கும், ஆனால் பூனையை விட மூன்று மடங்கு பருமன். மஞ்சள் கலந்த சாம்பல் நிறம், வால் இருக்கிறதா என்றே தேட வேண்டியிருந்தது. கூட வந்தவர்கள் ஒன்று ஆண், ஒன்று பெண் என்றார்கள். ஓட்டுநர் இரண்டையும் ஃபியா (மர்மோட்டுக்கு லடாக்கில் சொல்லும் பெயர்) என்றுதான் சொன்னார். வயதினாலா, பருவத்தினாலா, இல்லை இனமே வேறா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: வளைமண்

இனமே வேறு. பாங்காங் பக்கம் நீங்கள் பார்த்தது இமாலய மர்மோட், திராஸில் பார்த்தது நீளவால் மர்மோட். ஆண் பெண் வித்தியாசம் கிடையாது. மர்மோட்டில் ஆண் கொஞ்சம் பெரிதாக இருக்கும், அவ்வளவுதான், நிறத்தை வைத்துப் பிரிக்க முடியாது.

அடையாளத்துக்கு வாலைப் பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம். இமாலய மர்மோட்டுக்கு தலையும் உடலும் சேர்த்து 47 முதல் 67 செ.மீ. வரை வரும், வால் வெறும் 12 முதல் 15 செ.மீ., அதாவது உடம்பில் கால் பங்குதான். மற்றதற்கு உடல் சிறியது, வால் மட்டும் 18 முதல் 27 செ.மீ., உடம்பில் கிட்டத்தட்ட பாதி. உங்கள் படத்தில் பின்பாதம் தெரிந்தால் அதை வாலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வால் பாதத்தைப் போல ஒன்றரை மடங்கு என்றால் இமாலயம், இரண்டு மடங்கைத் தாண்டிப் போனால் நீளவால். எவ்வளவு தூரத்திலிருந்து எடுத்த படமாக இருந்தாலும் இந்தக் கணக்கு உதவும்.

முகமும் பார்க்கலாம். இமாலய மர்மோட்டின் மூக்குத்தண்டு கரும்பழுப்பு, வால்நுனியும் அப்படியே. காது, வயிறு, கால்கள் மட்டும் காவி கலந்த மஞ்சள். முதுகு ரோமத்தின் நுனி கறுப்பு என்பதால் காற்றடித்து ரோமம் பிரியும்போது நிறம் மாறுவது போலத் தெரியும். நீளவாலுக்கு நீங்கள் சொன்ன அந்தக் கறுப்புப் பட்டை உண்டு, ஆனால் எல்லாவற்றுக்கும் அழுத்தமாக இருக்காது. அதனால்தான் திரும்பவும் சொல்கிறேன், வால்.

பதில் 2: மேய்ச்சல்நிலம்

வளைமண் சொன்னது சரி. பருமனை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள் என்பதை நான் சேர்க்கிறேன். ஒரே இமாலய மர்மோட் வசந்தத்தில் வளையை விட்டு வெளியே வரும்போது 4 கிலோ சொச்சமும் இலையுதிர் காலத்தில் உள்ளே போகும்போது 9 கிலோ வரையும் இருக்கலாம், அதாவது இரண்டு மடங்கு! மே மாதத்தில் தோல் தொங்க நிற்பதையும் செப்டம்பரில் வயிறு தரையில் உரச நடப்பதையும் பார்த்தால் இரண்டு இனம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ரோமமும் அப்படித்தான், ஆண்டுக்கு ஒருமுறை கோடையில் உதிர்ந்து முளைக்கும், அந்தச் சமயத்தில் பழைய ரோமம் வெளுத்துத் திட்டுத்திட்டாக இருக்கும்.

அந்தக் கொழுப்புதான் அதற்கு அரை ஆண்டுக்கு மேல் சோறு. குடும்பமே ஒரே அறையில் ஒட்டிக்கொண்டு படுத்து, வாசலை மண்ணும் கல்லும் வைத்து அடைத்துவிட்டுத் தூங்கும். குட்டையான கால், ரோமத்துக்குள் பாதி புதைந்த சின்னக் காது, உருண்டை உடம்பு எல்லாமே சூட்டை வெளியே விடாமல் வைத்துக்கொள்ளத்தான். 3,000 மீட்டருக்கு மேல், சில இடங்களில் 5,000 மீட்டரையும் தாண்டி வாழும் விலங்குக்கு இது இல்லாமல் முடியாது.

முன்காலைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறீர்களா? வளை வாசலில் ஒன்று எழுந்து நிற்கும்போது தொலைநோக்கியில் பார்த்தேன். முன்பாதத்தில் நான்கு விரல், பின்பாதத்தில் ஐந்து. நான்கு நகமும் தடித்து, முனை தேய்ந்து, இடுக்கில் ஈரமண் அப்பியிருந்தது. கட்டைவிரல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்ன மொட்டு மட்டும். இந்தக் காலால்தான் பல மீட்டர் நீளத்துக்குச் சுரங்கம் தோண்டுகிறது. இடையில் கல் தடுத்தால் பல்லால் பெயர்த்து எடுக்கும். வெட்டுப்பல் நான்கும் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும், தேய்வதைப் பற்றிக் கவலையில்லை. ஆளைப் பார்த்ததும் ஒரு கூர்மையான சீழ்க்கை, வால் ஒருமுறை துள்ளும், அடுத்த நொடி அந்த இடத்தில் புழுதி மட்டும்தான்.

பதில் 3: பழங்கதைப்பிரியன்

தோண்டுவது பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோடஸ், இந்தியாவின் வடக்கே நரியை விடப் பெரிய எறும்புகள் வளை தோண்டி பொன்மணலை வெளியே தள்ளுகின்றன என்று எழுதினார். அந்த எறும்பு மர்மோட்தான் என்று 1996-இல் பிரெஞ்சுப் பயணி மிஷேல் பெய்ஸெல் வாதிட்டார். சிந்து நதிக்கரை மக்கள் மர்மோட் வளை மண்ணிலிருந்து பொன்துகள் சேகரித்ததாகச் சொன்னதை அவர் பதிவு செய்திருக்கிறார். எல்லாரும் இதை ஏற்கவில்லை. ஆனால் அந்த நகங்களைப் பற்றி மேலே படித்ததும் எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது.

பதில் 4: வளைமண்

இன்னொரு விஷயம், இதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பாங்காங் வழியில் நிறைய பேர் பிஸ்கட் கொடுத்து மடியில் ஏற்றிப் படம் எடுக்கிறார்கள். தயவு செய்து செய்யாதீர்கள். புல்லும் வேரும் செரிக்க அமைந்த வயிறு அது. குளிர்காலத்துக்குச் சேர்க்க வேண்டிய கொழுப்பு அந்த மேய்ச்சலிலிருந்துதான் வர வேண்டும். பழகிவிட்டால் சாலையோரமே கிடந்து வண்டியில் அடிபடும். தவிர, திபெத்தியப் பீடபூமியில் இமாலய மர்மோட் பிளேக் கிருமியைச் சுமக்கும் விலங்கு, அதன் மேல் இருக்கும் தெள்ளுப்பூச்சி வழியாக மனிதருக்குத் தொற்றும். தொடவே கூடாது.

கேட்டவர்: கல்வெளி

மிக்க நன்றி. இப்போதுதான் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பாங்காங் படத்தில் மூக்குத்தண்டு கறுப்பாகத் தெளிவாகத் தெரிகிறது, வால் பாதத்தை விடக் கொஞ்சம்தான் நீளம். திராஸ் படம் மங்கல்தான், ஆனாலும் வால் பாதத்தைப் போல மூன்று மடங்காவது இருக்கும். எங்கள் வண்டியிலும் ஒருவர் பிஸ்கட் கொடுத்தார், நான் தடுக்கவில்லை. அடுத்த மாதம் அவர் திரும்பவும் லடாக் போகிறார், இந்தப் பக்கத்தை இன்றே அவருக்கு அனுப்புகிறேன்.